ஓய்வுநாளில் காயப்போட்ட துணி

டோலினா மெக்காஸ்கில் நாவல் எழுதுகிறவள் என்பது எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வழியில் பார்த்தால் நாவலைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். "எங்கம்மா இன்னிக்குக் கஞ்சி குடிச்சாளா?" என்றுதான் கேட்பார்கள். நம் ஊரிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட நானும் அவளும் பதினொரு வருஷமாக ஒரே வேனில் வேலைக்குப் போகிறோம். லூயிஸ் தீவின் மேற்குக் கரையில் தனியாக இருக்கிற வயசாளிகளைக் காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, ஓட்ஸ் கஞ்சி கொடுத்து, ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைக்கிற வேலை. தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும் என்பதால்தான் நாங்கள் ஜோடி.

அவளுடைய அப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டினவர், சபையை நடத்துகிற மூப்பர்களில் ஒருவர். பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் டார்மட், ஐந்து வருஷம் தள்ளி டோலினா. அவள் பதினாறு வயசில் படிப்பை விட்டாள். ஸ்டோர்னவேயில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரித்தாள். பிறகு கிளாஸ்கோவில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பன்னிரண்டு வருஷம். அம்மா கை கால் விழுந்து படுத்ததும் திரும்பி வந்தாள். அம்மா ஏழு வருஷம் படுத்திருந்தாள். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் முதல் புத்தகத்தை எழுதினாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. காரணம் கேட்டால், "கேட்டு வந்தது ரெண்டு பேர். ஒருத்தன் படிக்கமாட்டான், ஒருத்தன் பேசமாட்டான்" என்பாள்.

முதல் புத்தகம் அச்சாகி வந்தபோது ஊர்க்கடையில் ஆட்டு மருந்துக்கும் ரப்பர் பூட்ஸுக்கும் நடுவில் ஆறு பிரதி வைத்தார்கள். கடைக்காரி கேட்டாள்: "இருநூறு பக்கம் எழுத உனக்கு ஏதுடி நேரம்?" டோலினா பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்: "உன் வீட்டு ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தாலே தெரியுது, எங்கேருந்து நேரம் வந்துச்சுன்னு." டோலினாவும் சேர்ந்து சிரித்தாள். ஜன்னலை அப்போதும் துடைக்கவில்லை.

அடுத்த புத்தகங்களுக்கு நேரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் பதினைந்து நிமிஷம் கிடைக்கும். போனில் சிக்னல் கிடைக்காத ஒரு வளைவில் வேனை நிறுத்துவாள். நோட்டை ஸ்டியரிங்கில் சாய்த்துக்கொண்டு எழுதுவாள். நான் பக்கத்தில் காலுறை பின்னுவேன், இல்லாவிட்டால் ஒரு சங்கீதம் வாசிப்பேன். வாய் திறந்தால் ஒரு விரலைத் தூக்குவாள். மழை அடித்து வேன் ஆடும்போதும் அந்தப் பேனா நிற்காது. சில நாள் நாலு வரி. சில நாள் நாலு வரியும் அடித்துவிட்டு ஒன்றுமில்லை. அடுத்த வீட்டு வாசலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குட்மார்னிங் ராஜா, இன்னிக்கு எந்தச் சட்டை?" என்று உள்ளே போவாள்.

ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்தில் சேரும் அங்கத்தினர் இல்லை அவள். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் நோட்டை மூடினால் திங்கள்கிழமைதான் திறப்பாள். "எழுதறதும் வேலைதானே அக்கா. ஆண்டவர் எனக்கு மட்டும் தனிச் சட்டம் போடலியே" என்பாள். அந்த ஒன்றில் அவளுக்கும் ஊருக்கும் சண்டையே வந்ததில்லை. எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், வீட்டு வேலைகூடச் செய்யக் கூடாது; சனிக்கிழமை இருட்டுவதற்குள் கொடியில் ஒரு துணிகூட இருக்காது. ஆலயப் படி மிதிக்காதவர்கள்கூட எடுத்துவிடுவார்கள்.

மூன்றாவது நாவல் அந்தக் கொடியைப் பற்றியது.

ஐந்து வருஷம் எழுதினாள். ரேச்சல் என்று ஒருத்தி, ஓய்வுநாள் காலையில், ஊரே ஆலயத்துக்குப் போகிற நேரத்தில், வெள்ளை விரிப்புகளைத் துவைத்துக் கொடியில் போடுகிறாள். அதட்டுகிற புருஷனையும் அடக்குகிற ஊரையும் ஒரே நாளில் உதறிவிடுகிறாள். மிச்சக் கதை முழுக்க அந்த ஒரு காலையிலிருந்து கிளம்புகிறது. எடின்பரோவில் ஒரு பெரிய பதிப்பகம் அதை வாங்கிக்கொண்டது. ரோவினா என்கிற பெண் அங்கே அவளுடைய புத்தகத்தைக் கவனித்தாள். முந்தின இரண்டு புத்தகமும் தீவைத் தாண்டவில்லை. இது தாண்டும் என்று ரோவினா சொன்னாளாம். அன்றைக்கு டோலினா வேனை வளைவில் நிறுத்தாமலே ஓட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு நாற்பத்தொன்பது வயசு. இதற்காகத்தான் இத்தனை வருஷம் விரலைத் தூக்கினாள் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் மாசம் அச்சுக்குப் போகிற கடைசித் தாள்கள் வந்தன. பிழை பார்த்து அடுத்த திங்கள்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அதே வாரம் பதிப்பகத்தின் புது வெளியீட்டுப் பட்டியல் நூலக வண்டியில் வந்துவிட்டது. அதிலிருந்த அட்டைப்படம் டார்மட் கண்ணில் பட்டது. அப்பாவைப் போலவே அவனும் இப்போது மூப்பர். எங்கள் வேனை ரோட்டு முனையில் கை காட்டி மறித்தான்.

"டோலி, இறங்கு."

"வேலையில இருக்கேன். அங்கேருந்தே சொல்லு."

"இது என்ன படம்?"

"துணி."

"துணின்னு தெரியாதா எனக்கு? யார் துணி?"

"நாவல்ல வர்ற பொம்பளையோடது. பேரு ரேச்சல்."

"பேரு என்னவா இருந்தா என்ன? எனக்குத் தெரிஞ்சு இந்தக் கரையில ஒரே ஒருத்திதான் அதைச் செஞ்சா. முதல் பக்கத்தைத் திறந்ததும் அனபெல்லான்னு ஆடு மேய்க்கற நாய்க்குக்கூடத் தெரிஞ்சிடும்."

அனபெல்லா மெக்ரிட்சிக்கு அப்போது எண்பத்தொரு வயசு. தினமும் காலையில் எங்களுடைய முதல் வீடு அவளுடையதுதான். டோலினா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னாள்: "அவளைத் திட்டி எழுதல அண்ணே. தைரியசாலின்னு எழுதியிருக்கேன்."

"அது அதைவிட மோசம். பாவத்தைப் போய் தைரியம்னு சொல்றியே. அதை எடுத்துடு."

"மாட்டேன்."

"அப்பா இருந்திருந்தா..."

"அப்பா இருந்திருந்தா தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுட்டு வேற பக்கம் பார்த்திருப்பார். அன்னிக்குப் பார்த்த மாதிரி. நீயும்தானே கார்ல இருந்தே?"

டார்மட் வேன் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டான். வேன் கிளம்பியது.

நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. டோலினாவுக்கு ஏழு வயசு. ஆலயத்துக்குப் போகிற காரில் பின் சீட்டில் இருந்தாள். அனபெல்லா வீட்டுக் கொடியில் இரண்டு விரிப்பு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. காரில் யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து அனபெல்லா திருவிருந்து மேசைக்கு வருவது நின்றது. ஆலயத்தில் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். ஊரில் சொன்னார்கள், அவள் திமிரில் செய்தாள், மூப்பர்கள் கேட்டபோதும் திமிரில் வாயைத் திறக்கவில்லை என்று. டோலினா அந்தத் திமிரைத்தான் தைரியம் என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வளைவில் அவள் வேனை நிறுத்தினாள். நோட்டை எடுக்கவில்லை. "நீ என்ன நினைக்கிறே அக்கா?"

நான் அதிகம் படித்தவள் இல்லை. நாவல் எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததைக் கேட்டேன்: "அவளைக் கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? பேரை மாத்திட்டேன், வீட்டை மாத்திட்டேன்."

"தினமும் அவ காலுக்குக் காலுறை மாட்டறோமே டோலி."

அவள் கோபத்தோடு வண்டியை எடுத்தாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அனபெல்லாவின் தலையை வாரும்போது மட்டும் அவள் கை மெதுவாகப் போவதைப் பார்த்தேன். புதன்கிழமை எங்களுக்கு லீவு. காலையில் போன் பண்ணினாள். "இன்னிக்கு மத்தியானம் போய் வாசிச்சுக் காட்டப்போறேன். நீயும் வா. டீ கெட்டிலைத் தூக்கி என் தலையில போட்டா ஒரு சாட்சி வேணும்."

"ஆபீஸுக்குத் தெரிஞ்சா?" பார்த்துக்கொள்கிற வயசாளிகளிடம் சொந்த விஷயத்தைக் கொண்டு போகக் கூடாது என்பது வேலையில் விதி. வேலை போய்விடும்.

"தெரிஞ்சா தெரியட்டும்."

கதவைத் திறந்து உள்ளே போனோம். அனபெல்லா நாற்காலியில் இருந்தாள். எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "யூனிஃபார்ம் இல்லாம ரெண்டு பேரும் வந்திருக்கீங்க. யாரு செத்தது?"

"யாரும் சாகல அனபெல்லாம்மா. நான் எழுதின ஒண்ணை வாசிச்சுக் காட்டணும்."

"ஐயோ, அதுக்கு யாராவது செத்தே இருக்கலாம். உன் முதல் புஸ்தகத்தைப் பாதியில வச்சுட்டேன். அதுல எல்லாரும் பெருமூச்சு விட்டுக்கிட்டே இருந்தாங்க. சரி, முதல்ல டீ போடு. டப்பாவுல பான்கேக் இருக்கு, வெண்ணெய் நிறையத் தடவு, நீங்க வேலைக்கு வரும்போது தடவற மாதிரி இல்லாம."

டீ குடித்தோம். டோலினா தாள்களை எடுத்தாள். வாசிக்க ஆரம்பித்தாள். அழகாக எழுதியிருந்தாள், பொய் சொல்லக் கூடாது. ரேச்சல் ஈர விரிப்பை உதறுகிற சத்தம் எனக்கே காதில் கேட்டது. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. ரேச்சல் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். அந்த இடத்தில் டோலினா நிறுத்தினாள்.

காய்ந்த சதுப்புமண் கட்டிகள் எரிகிற அடுப்பில் ஒரு கட்டி சரிந்தது. அனபெல்லா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னேனா?" என்றாள்.

"அது ரேச்சல்..."

"என்னை ஏமாத்தாதே மகளே. உன்னோட பாட்டன் ஆட்டைப் பார்த்தாலே எந்த வீட்டு ஆடுன்னு சொல்லுவான். எனக்கு என் கொடி தெரியாதா? சிரிச்சேனா நான்?"

"எனக்கு ஏழு வயசு. உங்க முகம் தெரியல."

"என் புருஷன் கென்னத்தைக் கை ஓங்கறவனா எழுதியிருக்கே. அவன் கை ஓங்கி நான் பார்த்ததில்ல. அந்த ஞாயித்துக்கிழமை அவன் இங்கேயே இல்ல. சரக்குக் கப்பல்ல, ஆஸ்திரேலியாவுக்குப் பாதி வழியில இருந்தான்."

டோலினா தாள்களை மடியில் வைத்தாள். அனபெல்லா கோப்பையை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அவள் கைக்கு வேலை இல்லாமல் போனதும் பேச ஆரம்பித்தாள். அழவில்லை.

"கல்யாணமாகி பதினாறு வருஷம் ஒண்ணும் இல்ல. முப்பத்தொன்பது வயசுல உண்டாச்சு. யாருக்கும் சொல்லல. சொன்னா போயிடும்னு பயம். பெரிய கோட்டு ஒண்ணு போட்டுக்குவேன். அஞ்சாம் மாசம். சனிக்கிழமை சாயங்காலம் வலி எடுத்துச்சு. போன் இல்லாத வீடு. பக்கத்து வீடு எவ்வளவு தூரம்னு உங்களுக்கே தெரியும். விடியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. பையன். கென்னத்தோட கம்பளிச் சட்டையில சுத்தி வச்சேன். அப்புறம் விரிப்பைப் பார்த்தேன். யாராவது வந்து பார்த்துடுவாங்களேன்னு துவைச்சேன். துவைச்சா காயப்போடணும். காயப்போட்டேன். என்ன கிழமைன்னு எனக்கு நினைவே இல்ல. படியில உக்காந்திருந்தேன். உங்கப்பா கார் வந்துச்சு. உள்ளே எல்லாரும் ஆலயத்துக்குப் போற தொப்பியோட இருந்தீங்க. தொப்பியைப் பார்த்துதான் ஐயோ ஓய்வுநாளேன்னு தெரிஞ்சுது."

நான் மனசுக்குள் ஜெபம் பண்ணினேன். வார்த்தை எதுவும் வரவில்லை, ஆண்டவரே ஆண்டவரே என்று மட்டும்.

"எடுத்திருக்கலாமே?" டோலினா கேட்டாள்.

"எழுந்துக்க முடியல. முடிஞ்சிருந்தா ஓடிப்போய் எடுத்திருப்பேன். நான் சிரிக்கலடி. என் ஆயுசுல நான் ஓய்வுநாளை மீறினதில்ல. அன்னிக்குத் தவிர."

"மூப்பர்கள் கேட்டபோது..."

"செவ்வாய்க்கிழமை ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் உங்கப்பா. நல்ல மனுஷன், தரையைப் பார்த்துக்கிட்டேதான் கேட்டார். ரெண்டு ஆம்பளைங்ககிட்ட நான் என்னன்னு சொல்ல? உங்கம்மாவைக் கூட்டிட்டு வந்திருந்தா சொல்லியிருப்பேன். வாயை மூடிக்கிட்டேன். அதைத் திமிருன்னு எழுதிக்கிட்டாங்க. கென்னத் நாலு மாசம் கழிச்சு வந்தான், அவனுக்குச் சொன்னேன். திங்கக்கிழமை வந்த நர்ஸுக்குத் தெரியும். ரெண்டு பேரும் இப்ப இல்ல. இப்ப உங்க ரெண்டு பேருக்கும் தெரியும்."

டோலினா கேட்டாள்: "நான் என்ன செய்யணும்?"

"நீ எழுதினது பொய். அதைப் போடாதே. நான் சொன்னது நிஜம். அதையும் போடாதே." பிறகு சொன்னாள், "அந்த பான்கேக் மிச்சத்தை எடுத்துட்டுப் போங்க. நாளைக்குக் காலையில நேரத்துக்கு வாங்க."

வண்டியில் ஏறி டோலினா சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டையை எடுத்தேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "அஞ்சு வருஷம் அக்கா. அவளைக் குளிப்பாட்டிட்டு வந்து, அதே கையால அவளைப் பத்திப் பொய் எழுதியிருக்கேன்."

"உனக்குத் தெரியாதே."

"தெரிஞ்சுக்க ஒரு தடவை வாயைத் திறந்திருக்கலாமே? தினமும் அவகிட்ட என்ன சட்டைன்னு மட்டும் கேட்டேன்."

அங்கிருந்தே ரோவினாவுக்குப் போன் பண்ணினாள். நான் இறங்கி நிற்கிறேன் என்றேன், இரு என்றாள். அந்தப் பக்கம் ரோவினா சத்தமாகவே பேசினாள்.

"கொடி வர்ற ஒன்பதாம் அத்தியாயத்தை எடுக்கறியா? டோலினா, புஸ்தகமே அதுல நிக்குது. அட்டையில கொடி வரைஞ்சாச்சு."

"அட்டையை மாத்துங்க."

"யாராவது வழக்குப் போடுவேன்னு மிரட்டினாங்களா? எங்ககிட்ட வக்கீல் இருக்காங்க."

"யாரும் மிரட்டல. நான் எழுதினது தப்பு. அவ்வளவுதான்."

"நாவல்தானே? கற்பனைதானே?"

"இங்கே இருக்கறவங்களுக்கு அது கற்பனை இல்ல."

"காரணமாவது சொல்லேன்."

"சொல்லமாட்டேன்."

ரோவினா பெருமூச்சு விட்டாள். இந்த வருஷம் வராது, அடுத்த வருஷம் என்று உறுதியும் தர முடியாது என்றாள். "அந்த இடத்துல வேற என்ன வரும்?" என்று கேட்டாள்.

"தெரியல. உக்காந்தா வரும்."

அந்த வாரமே உட்கார்ந்தாள். வரவில்லை. ஜூலையும் வரவில்லை. எழுதுவாள், அடிப்பாள். ஒரு நாள் முழுப் பக்கத்தைக் கிழித்து என் பின்னல் பைக்குள் போட்டாள். ஆனால் ஒரு வேலைநாளும் எழுதாமல் விட்டதில்லை.

இதற்குள் புத்தகம் நின்றுபோன செய்தி ஊரில் பரவியது. டார்மட் கடையில் நின்று சொன்னான், என் தங்கை கடைசியில் சொல் பேச்சைக் கேட்டாள், கர்த்தர் அவள் மனசைத் தொட்டார் என்று. நான் அரிசி வாங்கப் போயிருந்தேன், என் காதாலேயே கேட்டேன். டோலினாவிடம் சொன்னேன். அவள் முகம் சிவந்துபோனது.

"சொல்லிட்டுப் போகட்டும்."

"நீ அவன்கிட்ட இல்லைன்னாவது..."

"இல்லைன்னா அப்புறம் எதுக்குன்னு கேப்பான். எதுக்குன்னு என் வாயிலேருந்து வரக் கூடாது."

யாருக்கும் தலை வணங்காதவள், அந்தப் பேச்சை இரண்டு மாசம் விழுங்கினாள். ஆலய வாசலில் பெண்கள் அவளுடைய முதுகைத் தட்டி, "நல்ல காரியம் பண்ணினே" என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். எனக்கு அதைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

கடையிலிருந்து சாமான் கொண்டுவருகிற ஆள் வழியாக அந்தப் பேச்சு அனபெல்லாவுக்கும் போய்ச் சேர்ந்தது. செப்டம்பரில் ஒரு காலை நாங்கள் உள்ளே நுழையும்போதே கேட்டாள்: "உன் அண்ணன் சொல்லித்தான் நிறுத்தினியாமே?"

"விடுங்கம்மா. கையைத் தூக்குங்க, சட்டை மாட்டணும்."

"நீ ஏன் பேசாம இருக்கே?"

"நீங்க நாப்பத்திரண்டு வருஷம் இருந்தீங்களே. நான் ரெண்டு மாசம்தானே."

அனபெல்லா கையைத் தூக்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் வாயை மூடினதுக்கு நீ ஏன் சிலுவை சுமக்கணும்? இந்த வாரம் திருவிருந்து வருதில்ல? சனிக்கிழமை மூப்பர்கள் உக்காருவாங்க. மேசைக்கு வர விரும்பறவங்க போய் நிக்கணும். என்னால நிக்க முடியாது. தள்ளிட்டுப் போவீங்களா?"

"அனபெல்லாம்மா, எனக்காக நீங்க..."

"உனக்காக யாரு? எனக்கு எண்பத்தொரு வயசு. கதவு பக்கத்துல குளிர் காத்து வருது. நடு வரிசையில உக்காரணும்னு ஆசை."

சனிக்கிழமை ஆராதனை முடிந்ததும் நாங்கள் அவளைச் சக்கர நாற்காலியில் பக்க அறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்டிருந்தாள். கதவைத் திறந்தது டார்மட். வழியை மறித்தபடி அங்கேயே நின்றான்.

"நகரு தம்பி, சக்கரம் உன் கால்ல ஏறிடும்" என்றாள் அனபெல்லா.

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். கதவைச் சாத்தினார்கள். டோலினா சுவரில் சாய்ந்து நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். உள்ளே போதகரின் குரல் கேட்டது, பிறகு அனபெல்லாவின் குரல், ஒரே சீராக. பிறகு யாரோ ஒரு ஆண் ஜெபம் பண்ண ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். இன்னொருவர் முடித்தார்.

கதவு திறந்தது. அனபெல்லா தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"ஆறு ஆம்பளைங்க. ஆறு பேரும் அவங்கவங்க பூட்ஸைப் பார்த்தாங்க" என்றாள். "இந்தத் தடவை நான் நிறுத்தல. கடைசி வரைக்கும் சொல்லிட்டேன். நாளைக்கு மேசைக்கு வரச் சொல்லிட்டாங்க." பிறகு டோலினா பக்கம் திரும்பினாள். "இனி இது ஒளிச்சு வைக்கற விஷயம் இல்ல. யார் வேணா பேசட்டும்." என்னைக் காட்டினாள். "இவ வேணா அவ ஊர் ஆளுங்களுக்குச் சொல்லட்டும். நீயும் எழுதணும்னா எழுதிக்கோ."

ரோவினா இதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே விமானம் ஏறி வந்திருப்பாள். எனக்கே ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. டோலினா அனபெல்லாவின் தொப்பியைச் சரி பண்ணினாள்.

"வேண்டாம்மா. அது உங்களோடது. உங்க முற்றத்துல நடந்தது எனக்குத் தெரியாது, நான் அங்கே இல்ல. நான் கார்ல இருந்தேன். எனக்கு எழுதத் தெரிஞ்சது அந்தக் கார்தான்."

"கார்ல என்ன இருக்கு எழுத?"

"பார்த்துட்டு நிறுத்தாமப் போன நாலு பேர் இருக்கோம்."

ஓய்வுநாளில் அனபெல்லாவை நடு வரிசையிலிருந்து மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் அந்த மேசையில்தான் இருந்தேன். அப்பம் என் கையிலிருந்து அவள் கைக்குப் போனது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

திங்கள்கிழமை வேலை முடிந்ததும் டோலினா டார்மட் வீட்டுக்கு வண்டியை விட்டாள். நானும் கூட இருந்ததால் என்னையும் உள்ளே கூப்பிட்டான். இரண்டு நாளில் அவன் முகம் இறங்கிப்போயிருந்தது. மேசைமேல் ரொட்டி, வெண்ணெய், உப்புக் கருவாடு எல்லாம் வைத்தான். யாரும் தொடவில்லை.

"கடையில நான் சொன்னது..." என்று ஆரம்பித்தான்.

"அதுக்கு நான் வரல" என்றாள் டோலினா. நோட்டைத் திறந்து மேசையில் வைத்தாள். "அன்னிக்கு எனக்கு ஏழு வயசு. உனக்குப் பன்னிரண்டு. கார்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

"ஒண்ணும் நடக்கல. யாரும் பேசல."

"நல்லா யோசி."

"என்ன டோலி இது, போலீஸ் மாதிரி?"

"எனக்கு ஒரு அத்தியாயம் வேணும். நீ சொல்ற வரைக்கும் நான் எழுந்துக்கப் போறதில்ல. ராத்திரிச் சாப்பாட்டையும் நானே சமைப்பேன். என் சமையல் உனக்குத் தெரியும்."

டார்மட் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. ஜன்னலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். அங்கிருந்தே சொன்னான்:

"அம்மா பேசினா. நீ அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டிருந்தே, கேட்டிருக்காது. மெதுவாத்தான் சொன்னா. 'வண்டியை நிறுத்துங்க, அவ படியில உக்காந்திருக்கா'ன்னா."

டோலினாவின் பேனா ஓடியது. "அப்பா?"

"ஆலய மணி அடிச்சாச்சுன்னார்."

"அப்புறம்?"

"அம்மா கையுறையைக் கழட்டினா. மறுபடியும் மாட்டிக்கிட்டா. அவ்வளவுதான்." அவன் திரும்பினான். கண் கலங்கியிருந்தது. "இதை எழுதப்போறியா? அப்பாவை?"

"ஆமா."

"அவர் கெட்டவர் இல்ல டோலி."

"கெட்டவர்னு எழுதப்போறதில்ல. என்ன பண்ணினாரோ அதை எழுதப்போறேன்."

டார்மட் வந்து எதிரில் உட்கார்ந்தான். நோட்டில் அவள் எழுதியிருந்ததைத் தலைகீழாகப் பார்த்தான். ஒரு விரலை அந்த வரியில் வைத்தான்.

"அப்ப சரியா எழுது. அவர் நிறுத்தல. ஆனா அந்த வீடு வந்ததும் வேகத்தைக் குறைச்சார். எனக்கு நல்லா நினைவிருக்கு. குறைச்சார், அப்புறம்தான் போனார். அதையும் போடு."

டோலினா அதையும் போட்டாள்.